கன்னிமார் பக்கத்துக்கு வெறுந்தண்ணி

வாங்க தம்பி. பலகையைக் கழட்டத்தானே வந்திருக்கீங்க? தாராளமாக் கழட்டிக்கலாம். அது எங்கேயும் ஓடிப்போகாது. இந்தத் தோட்டத்துல நட்டு வெச்சதுலயே வேர் பிடிக்காத சாமான் அந்த ரெண்டு தகரந்தான். வண்டியை அப்படி வேம்படியில நிறுத்திட்டு, முதல்ல ஒரு சொம்பு மோர் குடிங்க. ரெண்டு தகரப் பலகைக்குக் கோயமுத்தூர்லயிருந்து ஒரு வேனு, ஒரு டிரைவரு, போக வர டீசல். உங்க கம்பெனியோட சிக்கனத்தைப் பார்த்தா எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருது. அதையாவது செடிக்கு ஊத்தலாம்.

நான் வேலாத்தாள். நீங்க "தாரணி மேடம், தாரணி மேடம்"னு சொல்றீங்களே, அந்த மேடத்துக்கு மாமியார். என் பையன் பூபதி திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர், ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் வருவான். வீட்டுக்காரர் ஆட்டை ஓட்டிக்கிட்டு, எங்காவது ஒரு பச்சைப்புல்லு தட்டுப்படுமான்னு தேடிப் போயிருக்கார். அதனால இங்கே பேசுறதுக்கு ஆளு நான்தான், கேட்கிறதுக்கு ஆளு நீங்கதான். மேடம் காலையிலேயே கிளம்பி உங்க ஆபீசுக்குத்தான் போயிருக்கா. ஸ்கூட்டரையும் கழுத்துல மாட்டுற அட்டையையும் திருப்பிக் குடுக்கணுமாம். மத்தியானம் ஏதோ மீட்டிங்காம், அதுல பேரை எடுத்துருவாங்களாம். எடுக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லலை.

ஆனா தம்பி, ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கவே மாட்டேங்குது. செடி செத்துப்போச்சு, அதனால வேலையை விட்டு எடுக்கறோம்னா அது நியாயம். ரெண்டு பக்கமும் செடி ஜம்முனு நின்னதுக்கு எடுக்கறாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிபடலை. பாதி நல்லா வந்திருந்தா பாஸாம். முழுசும் நல்லா வந்துட்டதால பெயிலாம். எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல இப்படி மார்க் போடறாங்கன்னு தெரிஞ்சா, பூபதியை அங்கேயே சேர்த்திருப்பேன். பிளஸ் டூவை ஒரே தடவையில முடிச்சிருப்பான்.

சரி, முதல்லயிருந்து சொல்றேன். நீங்க ஸ்பேனரை எடுங்க, கழட்டிக்கிட்டே கேளுங்க.

போன ஐப்பசியில ஒரு தூறல். கார்த்திகையில ஒரு தூறல். அதோட வானம் கடையைச் சாத்திட்டுப் போயிருச்சு. டிவியில தினமும் ஒரு பிள்ளை வந்து, கடலோர மாவட்டத்துல கனமழைன்னு சொல்லும். கேட்கிறப்ப எங்களுக்கும் ஆறுதலா இருக்கும், எங்கேயாவது பெய்யுதேன்னு. எங்க போர் கொஞ்ச நேரம் தண்ணி துப்பும், கொஞ்ச நேரம் காத்துத் துப்பும். தண்ணியை விடக் காத்துதான் தாராளம். இந்த அழகுல பக்கத்துத் தோட்டத்து மயில்சாமியண்ணன் தையில தக்காளி நாத்து நட்டார். நாங்களும் நட்டோம். அவரைப் பார்த்து நாங்க நட்டோமா, எங்களைப் பார்த்து அவர் நட்டாரான்னு ரெண்டு வீட்டுக்கும் இன்னும் பஞ்சாயத்து முடியலை.

அந்தச் சமயத்துலதான் எங்க மேடம் ஸ்கூட்டர் முன்னாடி ஒரு கேனை நிக்க வெச்சுக்கிட்டு வந்து இறங்கினா.

"என்ன கண்ணு இது?"

"உயிரூக்கிங்கத்தை."

"உரமா?"

"உரம் இல்லைங்க."

"பூச்சிக்கு அடிக்கிற மருந்தா?"

"மருந்தும் இல்லைங்கத்தை."

"அப்ப தீர்த்தமா?"

சிரிச்சா. அப்பல்லாம் நல்லா சிரிப்பா. "கடல்பாசியில எடுத்த சாறுங்க. தாக்குப்பிடிக்கிற தெம்பு செடிக்குள்ளயே இருக்குது, இது அதை எழுப்பிவிடும். வேர் ஆழமாப் போகும். மத்தியான வெயிலுக்கு இலை சீக்கிரம் தொங்காது, பூ கொட்டாது. தண்ணிக்குப் பதில் இதுன்னு நினைச்சுக்காதீங்க. இருக்கிற கொஞ்சத் தண்ணியில செடியை நிக்க வெக்கும், அவ்வளவுதான்."

கடல்பாசியாம். தம்பி, நீங்களே சொல்லுங்க. பொறந்ததுலயிருந்து கழுத்தளவு தண்ணியில முங்கிக் குளிச்சுக்கிட்டே கிடக்கிற ஜென்மம் அது. அதுக்கு வறட்சியைப் பத்தி என்ன தெரியும்? அது வந்து தாராபுரத்துத் தக்காளிக்குப் புத்தி சொல்லுதாம், இப்படி நில்லு, அப்படி நில்லுன்னு. மூடியைத் திறந்தா கருவாட்டுக் குழம்பு வாசம். எங்க வீட்டுப் பூனை அன்னைக்குப் பூராவும் அந்தக் கேனை விட்டு நகரலை. இந்த ஊர்ல உங்க கம்பெனி மேல முதல்ல நம்பிக்கை வெச்சது அந்தப் பூனைதான். நான் ஒண்ணும் சொல்லலை. படிச்ச பிள்ளை, தெரியாமயா கொண்டுவரும்.

அவ படிப்பு அக்ரி. படிச்சதுக்கு ஏத்த வேலைன்னு உங்க கம்பெனியில சேர்ந்தா. வேலைன்னா என்ன வேலை? தோட்டம் தோட்டமாப் போய், இதை அடிச்சுப் பாருங்கண்ணா, ஓசியாவே தர்றேன்னு கெஞ்சுற வேலை. ஒவ்வொருத்தரும் டீ குடுத்து, "பார்க்கலாம் கண்ணு"ன்னு அனுப்பி வெப்பாங்க. எங்க பக்கத்துல பார்க்கலாம்னா, இனிமே இந்தப் பக்கம் வராதேன்னு அர்த்தம். தோட்டத்துச் சாளைக் குடிசைக்குள்ள கேன் அடுக்கினது அடுக்கினபடி இருந்துச்சு. வேலையும் நிரந்தரம் இல்லை. ஒரு தோட்டத்துல அடிச்சுக் காட்டி, ஊர்க்காரங்க கண்ணால பார்த்து ஒத்துக்கிட்டா, தாராபுரம் வட்டாரத்துக்கே அவளைப் போட்டுருவாங்களாம். இல்லைன்னா வீட்டுக்குப் போ.

"வேற யாரும் இடம் தரமாட்டேங்கறாங்கத்தை. நம்ம தோட்டத்துலயே பண்ணிக்கட்டுங்களா?"ன்னு கேட்டா.

"உன் தோட்டம் கண்ணு, என்னை எதுக்குக் கேட்கறே"ன்னேன். அன்னைக்கு அப்படிச் சொன்னது வாய்தான். மனசு இல்லை.

அப்புறம் நடந்ததைக் கேளுங்க. தோட்டத்துக்கு நடுவுல ஒரு கயித்தைக் கட்டினா. மேல் பாதிக்குச் சாறு. கீழ்ப் பாதிக்கு வெறுந்தண்ணி. இந்தப் பக்கம் "உயிரூக்கி தெளித்தது"ன்னு ஒரு பலகை, அந்தப் பக்கம் "தெளிக்காதது"ன்னு ஒரு பலகை. அதோ, வெள்ளையடிச்ச கல்லு வரிசையாத் தெரியுதுங்களா, மஞ்சள் துணி கட்டி? அதுதான் எங்க கன்னிமார். ஏழு பேரும் அக்கா தங்கச்சிக. இந்தத் தோட்டத்துல விதை போட்டாலும் சரி, முதல் பறி பறிச்சாலும் சரி, அவங்க பக்கத்துலயிருந்துதான் ஆரம்பிக்கணும். எங்க வீட்டுக்காரர் புதுசா மண்வெட்டி வாங்கினாக்கூட முதல் வெட்டு அங்கேதான் விழும். அந்த ஏழு பேர் பக்கத்துக்கு வெறுந்தண்ணியாம்.

"ஏன் கண்ணு, மேல்பக்கத்தை வெறுந்தண்ணிக்கு விட்டுட்டு, சாமி பக்கத்துக்குச் சாறு அடிச்சா என்ன?"

"நான் எடுக்கலைங்கத்தை. சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் எடுத்தேன். நம்ம இஷ்டத்துக்கு மாத்தினா அது சோதனையே இல்லைங்க."

கன்னிமாருக்குச் சீட்டுக் குலுக்கியிருக்கா தம்பி. அதுல அவங்களே வெறுந்தண்ணியைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்களாம்.

அதுவும் எப்படித் தண்ணி? ஊரே குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரிக்குப் பின்னாடி ஓடுது. இவ நல்ல தண்ணியை ஸ்ப்ரேயர்ல ஊத்தி, முதுகுல மாட்டிக்கிட்டு, கீழ்ப்பக்கத்துச் செடி ஒவ்வொண்ணுக்கும் கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கிற மாதிரி தெளிச்சுக்கிட்டுப் போறா. எதுக்குன்னா, மேல்பக்கத்துச் சாறுல தண்ணி கலந்திருக்குதே, அந்த ஈரம் பட்டதாலதான் செடி நல்லா வந்துச்சுன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லிறக் கூடாதாம். மயில்சாமியண்ணன் வேலியோரம் நின்னு பார்த்துட்டு, "ஏன் தாரணி, அந்தப் பக்கத்துக்குச் சாறு, இந்தப் பக்கத்துக்கு ஆறுதலா?"ன்னார். எனக்கு அவமானமாப் போச்சு. ஆனா ஒண்ணும் சொல்லலை.

மாசி பிறந்து வெயில் ஏற ஏற, கீழ்ப்பக்கம் மத்தியானத்துல இலையைத் தொங்கப் போட ஆரம்பிச்சிருச்சு. மேல்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்து நின்னுச்சு. நான் தொங்கின இலையைத் தூக்கித் தூக்கி விட்டுப் பார்க்கறேன். எங்க மேடம் ஓடி வர்றா, முகம் பூரா சந்தோஷம். "அத்தை, கீழ்ப்பக்கம் வாட ஆரம்பிச்சிருச்சுங்க!" செல்போன்ல அதைப் படம் வேற பிடிக்கறா. சொந்தத் தோட்டத்துச் செடி வாடுதுன்னு குதிச்ச மருமகளை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

ஒரே பந்தியில உக்கார வெச்சு, இந்த வரிசைக்குப் பாயாசம், எதிர் வரிசைக்கு வேடிக்கைன்னா எப்படிங்க? எனக்கு அந்தப் பந்தி தெரியும். நான் இந்த வீட்டுக்கு ரெண்டாவது மருமகளா வந்தவ. தயிர்ல ஆடை எந்த மருமகள் தட்டுல விழும், தெளிஞ்ச தண்ணி எந்த மருமகள் தட்டுல விழும்னு எனக்கு யாரும் கயிறு கட்டிக் காட்ட வேண்டியதில்லை. சரி, அதை விடுங்க.

யோசிச்சேன். தீர்த்தம்னா வரிசையில நிக்கிற எல்லாருக்கும்தானே? எந்தக் கோயில்ல பூசாரி பாதிக் கைக்கு ஊத்திட்டு, மீதிக் கையைப் பார்த்து, நீ தாகத்தோட நில்லு, உன்னை வெச்சுத்தான் தீர்த்தத்தோட மகிமையைக் காட்டணும்ங்கறான்?

சாளைக்குள்ள போனேன். ஊர்க்காரங்க வாங்காத கேன் வரிசையா இருந்துச்சு. மூடியில எப்படி அளக்கறா, எவ்வளவு தண்ணிக்கு ஊத்தறா, எல்லாம் பார்த்து வெச்சிருந்தேன். வெயில்ல அடிக்கக் கூடாது, பொழுது தாழத்தான் அடிக்கணும்னு அவளேதான் சொல்லியிருக்கா. அவ மேல்பக்கம் அடிச்ச மறுநாள், அவ தோட்டம் பார்க்க ஸ்கூட்டர்ல கிளம்பின பின்னாடி, வெயில் தாழட்டும்னு காத்திருந்து கன்னிமார் பக்கம் முழுக்க அடிச்சேன். அதுக்கப்புறம் அவ எப்பெப்ப அங்கே அடிச்சாளோ, அப்பப்ப மறுநாள் நான் இங்கே அடிச்சேன். கயித்துக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். சாட்சிக்குப் பூனை.

என்ன தம்பி, ஸ்பேனரைக் கீழே வெச்சுட்டீங்க? போல்ட்டு துரு ஏறிக்கிச்சா? தேங்காயெண்ணெய் தரட்டுங்களா?

அப்ப சரி, கேளுங்க. கீழ்ப்பக்கம் மெல்ல எழுந்து நின்னுச்சு. நின்னதுன்னா சும்மா இல்லை. மத்தியானம் ரெண்டு மணி வெயிலுக்கு, மயில்சாமியண்ணன் தோட்டத்துச் செடியெல்லாம் துவைச்சுப் போட்ட துணி மாதிரி துவண்டு கிடக்கும். எங்களுது ரெண்டு பக்கமும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். அவருக்குப் பூ பூராவும் கொட்டிப்போச்சு. பங்குனி கடைசியில, இனிமே ஆகாதுன்னு ஆட்டை உள்ளே விட்டு மேய்ச்சுட்டார். நான் சந்தோஷப்படணுமா வேண்டாமா?

எங்க மேடத்துக்கு முகமே செத்துப்போச்சு. "ஏனுங்கத்தை, வாடின பக்கம் நிமிர்ந்திருச்சுங்களே?"

"நல்லதுதானே கண்ணு."

"இல்லைங்கத்தை, நிமிரக் கூடாதுங்க."

நிமிரக் கூடாதாம். நான் என்ன செய்ய? சொட்டுநீர்க் குழாயை முழம் முழமாத் தடவிப் பார்த்தா, எங்காவது ஓட்டையான்னு. மண்ணைத் தோண்டித் தோண்டிக் கையில வெச்சு உருட்டினா. குடையைப் பிடிச்சுக்கிட்டு உச்சி வெயில்ல செடிக்கு நடுவுல உக்கார்ந்து ஒவ்வொரு இலையா எண்ணினா. ஆளு பாதியாகிட்டா. அந்தச் சாறை அவ மேலயே அடிச்சிருந்தாத் தேறியிருப்பாளோ என்னமோ.

ஒரு நாள் மூக்கை உறிஞ்சிக்கிட்டே வந்தா. "அத்தை, கீழ்ப்பக்கம் பாசி வாசம் அடிக்குதுங்களே?"

"காத்து அப்படி அடிக்குது கண்ணு."

"அந்தப் பக்கம் நீங்க உரம் கிரம், மருந்து கிருந்து ஏதாச்சும் அடிச்சீங்களா?"

உரமும் இல்லை, மருந்தும் இல்லைன்னு சொன்னது யாரு? நானா? இல்லைன்னு சொன்னேன். கன்னிமார் அறிய நான் பொய் சொல்லலை. அதை உரம்னும் சொல்லலை, மருந்துன்னும் சொல்லலை. அவ கேள்வியைச் சரியாக் கேட்கலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?

சித்திரையில உங்க பெரிய ஆபீசர் வந்தார், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. வயல் விழாவாம். நீங்க அன்னைக்கு வரலை, வேற டிரைவரு. பந்தல், மைக்கு, போண்டா. இதுவரைக்கும் தாரணிகிட்டே பார்க்கலாம்னு சொன்ன அத்தனை பேரும் வந்துட்டாங்க. போண்டா யாரையும் பார்க்கலாம்னு சொல்ல விடாது.

கண்ணாடிக்காரர் இந்தப் பக்கம் ஒரு செடி, அந்தப் பக்கம் ஒரு செடி பிடுங்கினார். வேரை அலசி, வெள்ளைத் துணியில பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சார். ஊரே குனிஞ்சு பார்க்குது. ரெண்டு வேரும் ரெட்டைப் பிள்ளை மாதிரி. கன்னிமார் பக்கத்து வேர் ஒரு விரல்கடை நீளம் கூடவே இருந்துச்சு.

"தாரணி, வித்தியாசம் எங்கேம்மா?"

"சார், மயில்சாமியண்ணன் தோட்டத்தைப் பாருங்க சார். ஒரே சமயத்துல நட்டது. அங்கே ஒண்ணுமே நிக்கலை."

"அது வேற மண்ணு, வேற ரகம், வேற தண்ணி. அதை வெச்சு நான் எதுவும் எழுத முடியாது. ஒரே தோட்டத்துல தெளிச்சதும் தெளிக்காததும் ஒண்ணா இருந்தா, நம்ம சாறு இங்கே வேலை செய்யலைன்னுதாம்மா அர்த்தம்."

மயில்சாமியண்ணன் போண்டாவை மென்னுக்கிட்டே, "கண்ணு, அடுத்த வருஷம் எனக்குச் சாறு வேண்டாம். அந்த வெறுந்தண்ணியிலயே ஒரு கேன் குடுத்துரு"ன்னார். பந்தலே சிரிச்சுச்சு. தாரணியும் சேர்ந்து சிரிச்சா. மைக்கை அணைச்சு வெச்சா, எல்லாருக்கும் டீ குடுத்தா, அப்புறம் சாளைக்குப் பின்னாடி போய் உக்கார்ந்துக்கிட்டா. நான் ரெண்டு போண்டா எடுத்துட்டுப் போனேன். வாங்கிக் கையிலேயே வெச்சிருந்தா.

இதுக்கு நடுவுல மயில்சாமியண்ணன் சம்சாரம் கன்னத்துல போட்டுக்கிட்டு ஒரு வார்த்தை சொன்னாங்க: "வெறுந்தண்ணிக்கே செடி இப்படி நிக்குதுன்னா, அது அந்த ஏழு பேர் செஞ்சது." அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமையிலயிருந்து கூட்டம். விளக்கு, எலுமிச்சம்பழ மாலை, கற்பூரம். வேலாத்தாளுக்குக் கைராசின்னு, என் கையால தீர்த்தம் வாங்கிக் குடிக்கறாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. சாமி செஞ்சதை நான் எதுக்கு இல்லைங்கணும்? என் கையால அடிக்க வெச்சது அவங்கதானே.

தாரணி மட்டும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கறதில்லை. "நான் ஊர்ல அத்தனை பேருகிட்டேயும் பொய்யைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேனுங்கத்தை"ன்னு ஒரு நாள் சொன்னா. அதுக்கப்புறம் சாப்பாடு வேணும், வேண்டாம், அதோட பேச்சு சரி. தாராபுரத்துல ஒரு ஜவுளிக்கடையில பில் போட ஆள் கேட்டாங்களாம், போறேன்னுட்டா. தக்காளி வேருக்குக் குடை பிடிச்சவ, இனி சேலைக்கு பில் போடப்போறா.

என் மனசு என்ன பாடுபடும் சொல்லுங்க? ரெண்டு பக்கத்தையும் காப்பாத்திக் குடுத்திருக்கேன். ஒரு வார்த்தை நன்றி உண்டா? அவளுக்குத் தெரியாதேங்கறீங்களா? தெரியாட்டி என்ன? நல்லது நடந்திருக்குதே, யாரோ செஞ்சிருப்பாங்கன்னு ஒரு நினைப்பு வேண்டாமா?

தம்பி, போனை எதுக்கு எடுக்கறீங்க? யாருக்கு? வைங்க அதை. நான் சொன்னது மோர் குடிச்ச வாய்க்கு, கம்பெனிக்கு இல்லை.

என்ன? கீழ்ப்பக்கம் வாடியிருக்கணுமா? அது வாடியிருந்தாத்தான் மேல்பக்கம் ஜெயிச்சதாக் கணக்கா? ரெண்டுக்கும் ஒரே சாறுன்னா ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கும்னா... ஆமா, இருக்கும். அதைப் பார்த்துட்டுத்தான் சாறு வேலை செய்யலைன்னு எழுதிட்டாரா? நல்லா இருக்குதுங்க உங்க படிப்பு. ஒருத்தர் காஞ்சாத்தான் இன்னொருத்தர் தழைச்சது கண்ணுக்குத் தெரியுமாக்கும்.

தாரணி இதை என்கிட்டே சொல்லலையான்னா, சொன்னா. சொல்லாம என்ன. கயிறு கட்டின அன்னைக்கே உக்கார வெச்சுச் சொன்னா. நான் பூனையைத் துரத்திக்கிட்டிருந்தேன்.

அப்ப, சாறு வேலை செஞ்சுதுங்கறீங்களா?

அப்ப அவ ஊர்ல சொன்னது பொய் இல்லை.

ம்.

கொஞ்சம் இருங்க தம்பி, யோசிக்க விடுங்க. உங்களுக்கென்ன, போனைப் போட்டுட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிருவீங்க. நான் இந்த ஊர்ல இருக்கணும். மருமகள் கேனைத் திருடி அடிச்சுட்டு, சாமி பேரைச் சொல்லி ஊருக்கே தீர்த்தம் குடுத்தான்னு என்னைப் பேசுவாங்க. மயில்சாமியண்ணன் சம்சாரம் போன வாரந்தான் ஒரு சொம்பு நெய் கொண்டாந்து ஊத்திட்டுப் போச்சு. அந்த நெய்யை நான் எங்கேன்னு போய் வழிச்சுக் குடுப்பேன்?

மீட்டிங் எத்தனை மணிக்குங்க? ஆரம்பிச்சிருக்குமா?

போடுங்க. சும்மா பார்த்துக்கிட்டு நிக்காதீங்க, போடுங்கன்னா போடுங்க. கன்னிமார் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க. ஏழு பேரும் எண்ணெய்க்கும் நெய்க்கும் நல்லாவே தேறியிருக்காங்க.

ஹலோ. ஏனுங்க, கறுப்புக் கண்ணாடிக்காரருங்களா? நான் தாரணி மாமியார் பேசறேன், தோட்டத்துலயிருந்து. உங்க பலகை பத்திரமா இருக்குது, அதுக்கில்லை. கீழ்ப்பக்கமும் அதே சாறுதானுங்க அடிச்சிருக்குது. நான்தான் அடிச்சேன். ஒவ்வொரு தடவையும். இல்லைங்க, யாரும் சொல்லிக்குடுத்துச் சொல்லலை. அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எதுக்குங்க குழாயைத் தடவிக்கிட்டுக் கிடக்கறா? மன்னிப்பா? நான் எதுக்குக் கேட்கணும்? பந்தல் போட்டு, போண்டா போட்டு, ஊர் முன்னாடி பிள்ளையை நிக்க வெச்சு வித்தியாசம் எங்கேன்னு கேட்டது நீங்க. வேரைப் பிடுங்கிப் பார்த்தீங்களே, மோந்து பார்த்தீங்களா? எங்க வீட்டுப் பூனைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலை.

மறுபடியும் ஒரு தடவையா? தாராளமாப் போடுங்க. ஆனா மயில்சாமியண்ணன் தோட்டத்தை ரெண்டாப் பிரிச்சுக்கங்க. அங்கே சாமி இல்லை. வெறுந்தண்ணி அடிச்சா அவர் மட்டுந்தான் கோவிச்சுக்குவார்.

யாருகிட்டே குடுக்கறீங்க? வேண்டாமுங்க, நீங்களே சொல்லிருங்க... ஹலோ?

கண்ணு. சாப்பிட்டியா?

...

எத்தனை மூடின்னா? நீ ஊத்துற அதே அளவுதான் கண்ணு, பார்த்துத்தான் ஊத்தினேன்... ஆமா, மறுநாளே. பொழுது தாழ... இல்லை, சரியா அதே அளவுன்னு சொல்ல முடியாது. கன்னிமாருக்குன்னு ஒரு மூடி சேர்த்தி ஊத்தினேன். ஆமா, ஒவ்வொரு டேங்குக்கும்... எழுதிக்கறியா? எழுதிக்கோ, எழுதிக்கோ.

வெச்சுட்டா.

இல்லைங்க, திட்டலை. எத்தனை மூடி, எப்ப அடிச்சீங்க, இலைக்கு அடியிலயும் பட்டுச்சா, பூ விடறதுக்கு முன்னாடியா பின்னாடியா, இதையேதான் கேட்டா. வயல் விழாவுக்கு அப்புறம் என்கூட அவ இத்தனை பேச்சுப் பேசினதில்லை.

சாப்பிட்டாளான்னு கேட்டேனே, அதுக்கு மட்டும் பதில் சொல்லலை. படிச்ச பிள்ளை.

அந்த மேல்பக்கத்துப் பலகையைக் கழட்டாதீங்க தம்பி, போல்ட்டைத் திருப்பி முடுக்குங்க. அந்தக் கோடியில "தெளிக்காதது"ன்னு ஒண்ணு நிக்குது பாருங்க, அதை மட்டும் பிடுங்கி வண்டியில போடுங்க. இத்தனை நாளா அது அங்கே நின்னதே தப்பு. கன்னிமார் முன்னாடி பொய் நிக்கக் கூடாது.